அப்பா பேசுவார்: யாழ்ப்பாணத்து ஏச்சுச் சொற்களின் வேர்கள்

சென்னைப் பள்ளிக்கூடம் ஒன்றில் புதிதாகச் சேர்ந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, பக்கத்தில் இருக்கும் பிள்ளையிடம் ‘அப்பா அறிஞ்சால் பேசுவார்’ என்று சொல்லிக் கண்கலங்கினால், கேட்ட பிள்ளைக்கு ஒன்றும் விளங்காது. அப்பா பேசுவது நல்லதுதானே, இதற்கு ஏன் அழுகை? 1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்குப் போன எங்கள் ஆட்கள் பலரிடம் இப்படியொரு அனுபவம் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஒருவரோடு ஒருவர் சாதாரணமாக உரையாடுவது ‘கதைத்தல்’. ‘பேசுதல்’ என்றால் ஏசுதல். ‘நேற்று அம்மாவிட்டை நல்ல பேச்சு வாங்கினன்’ என்று ஒருவன் சொன்னால், அவன் சொற்பொழிவு ஒன்றைக் கேட்டுவிட்டு வரவில்லை.

கோபத்தோடு கண்டிப்பதைக் குறிக்கும் சொற்கள் எந்த மொழியிலும் ஏராளம். ஆங்கிலத்தில் அவற்றின் மூலத்தைத் தேடிப் போனவர்கள் பொய்முடி, கம்பளம், விறகுக்கட்டை என்று என்னென்னவோ கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தத் தேடலை எங்கள் குடாநாட்டுச் சொற்களின் பக்கம் திருப்பினால் என்ன கிடைக்கும் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. எனக்குக் கிடைத்த விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் ஏச்சில் பெரும்பங்கு கோயிலில் இருந்து வந்தது. மிச்சம் நோயில் இருந்தும் சாதியில் இருந்தும் வந்தது.

‘பேசு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தேவார ஆசிரியர்கள் இறைவனுடைய புகழைச் சொல்வதற்கு இந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கையாண்டிருக்கிறார்கள். அவனைப் பேசுவதென்றால் அவனைத் துதிப்பது. அந்த உயரத்தில் இருந்த சொல் யாழ்ப்பாணத்து விறாந்தைக்கு இறங்கிவந்தபோது வசவாக மாறியிருக்கிறது. இடையில் நடந்தது என்னவென்று ஊகிப்பது கடினமில்லை. அன்றாடப் புழக்கத்துக்கு வடமொழியில் இருந்து வந்த ‘கதா’ ‘கதை’யாகி, அதில் இருந்து ‘கதைத்தல்’ என்ற வினையும் பிறந்து, சந்தையிலும் கிணற்றடியிலும் குடியேறிவிட்டது. தமிழ்ச் சொல்லான ‘பேசு’ தடிப்பான வேலைகளுக்கு மட்டும் ஒதுங்கியது. கலியாணம் பேசுவார்கள். அதற்கு இருதரப்பும் கூடும் நாள் ‘பேச்சுக்கால்’. பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி வைப்பார்கள். 1985இல் திம்புவில் இலங்கை அரசும் தமிழ் இயக்கங்களும் நடத்தியது பேச்சுவார்த்தை. அதைக் ‘கதை’ என்று எழுதிய பத்திரிகையை நான் கண்டதில்லை. விலை பேசுவதும் அப்படித்தான், ஒரு முடிவு வந்தாக வேண்டும். ஆக, பேச்சு என்பது நிமிர்ந்து நின்று, ஒரு காரியத்துக்காக, பெரும்பாலும் மேலே இருந்து கீழே வருவது. கதை என்பது சம்மாணம் கொட்டி இருந்து வெற்றிலையோடு நடப்பது. அப்பா கதைக்கும்போது தகப்பன், பேசும்போது நீதவான். தனித்தமிழ்ப் பற்றாளர் ஒருவர் யாழ்ப்பாணத்துக்கு வந்து, வடசொல்லை விடுத்து எல்லாரும் ஒருவரோடு ஒருவர் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டால் ஊர் இரண்டுபடும்.

இந்த மாற்றம் எங்களுக்கு மட்டும் உரியது என்றே நெடுங்காலம் நினைத்திருந்தேன். சிங்களம் அந்த நினைப்பைக் கெடுத்தது. சிங்களத்தில் ஏசுவதற்கு ‘பணினவா’ என்பார்கள். விகாரையில் பிக்கு செய்யும் போதனைக்குப் பெயர் ‘பண’. இரண்டும் உடன்பிறப்புகள். பாளியில் ‘பணதி’ என்றால் ‘சொல்கிறான்’, அவ்வளவுதான். அந்த ஒரே வேரின் ஒரு கிளை பௌர்ணமி இரவில் வெள்ளை உடுத்திக் கேட்கும் தர்மோபதேசமாகவும், மற்றக் கிளை மறுநாட் காலை வீட்டில் விழும் ஏச்சாகவும் வளர்ந்திருக்கிறது. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத இரு மொழிக்குடும்பங்கள் ஒரே தீவில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து, ‘சொல்லுதல்’ என்ற பொதுச்சொல்லை எடுத்து ஏச்சுக்குக் கொடுத்திருக்கின்றன. ஒன்றைப் பார்த்து மற்றது செய்ததா, இல்லை பெரியவர்கள் வாயைத் திறந்தாலே பிள்ளைகளுக்கு ஏச்சு என்ற நிலைமை இரு வீடுகளுக்கும் பொதுவா? இரண்டாவதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

‘பேச்சு’க்கு அடுத்து ‘ஏச்சு’. யாழ்ப்பாணத்தில் இதுதான் பொதுச்சொல். திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கமும் வீட்டுச் சொல்லாக இருப்பது. தமிழ்நாட்டின் பிற இடங்களில் ‘திட்டு’ செய்யும் வேலையை இங்கே ‘ஏசு’ செய்கிறது. எங்களிடமும் ‘திட்டு’ உண்டு. ஆனால் அது கனம் கூடியது. ‘மண் அள்ளித் திட்டினாள்’ என்றால் அவள் கண்டிக்கவில்லை, குலத்தையே சபித்திருக்கிறாள். ஏச்சு மறுநாள் மறந்துபோகும். திட்டு மூன்று தலைமுறைக்கு நினைவிருக்கும்.

‘ஏசு’வின் வேர் எது? இப்படியான கேள்விகளுக்காகவே வாழ்ந்தவர் ஒருவர் எங்கள் மண்ணில் இருந்தார். நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) மானிப்பாயிற் பிறந்து, கத்தோலிக்கத் துறவியாகி, தமிழ்ச் சொற்கள் எல்லாவற்றையும் சில ஆதி ஒலிகளில் இருந்து வரிசையாக விளக்கிக் காட்ட முயன்றவர். அவருடைய சொற்பிறப்பு ஒப்பியல் அகராதி 1938இல் வெளிவரத் தொடங்கி, முற்றுப்பெறாமலே நின்றது. அவருடைய வழியில் ஆசையோடு போனால், ‘ஏ’ என்றால் பழந்தமிழில் அம்பு, ‘ஏவு’ என்றால் எய்தல், ஆகவே ‘ஏசு’ என்றால் சொல்லம்பு எய்தல் என்று ஓர் அழகான மாளிகையைக் கட்டிவிடலாம். ஏச்சு வாங்கியவர்கள் உடனே ஒத்துக்கொள்வார்கள். ஆனால் அழகு சாட்சியாகாது. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் உறவு வருமென்றால், ஏசுநாதரின் பெயரையும் இந்த வினையோடு சேர்க்க வேண்டி வரும். அந்தப் பெயர் எபிரேயத்தில் புறப்பட்டுக் கிரேக்கம் வழியாக வந்தது என்பதை எந்த வேதக்காரப் பிள்ளையும் சொல்லும். ‘கண்டி’த்தலுக்கும் கண்டி நகரத்துக்கும் உள்ள உறவும் இவ்வளவுதான். ஒன்று துண்டாக்குதல் என்ற வடமொழிப் பொருளில் இருந்து வந்தது. மற்றது மலையைக் குறிக்கும் சிங்களச் சொல்லைப் போர்த்துக்கேயர் தங்கள் நாவுக்கு ஏற்ப மாற்றியது.

சொற்பிறப்பை விட்டுப் புழக்கத்தைப் பார்த்தால் ‘ஏசு’ நிறையப் பேசுகிறது. ஏசுவது இங்கே ஒரு கலையாகவும் இருந்திருக்கிறது. ‘ஏசல்’ என்றே ஓர் இலக்கிய வகை உண்டு. வள்ளியும் தெய்வானையும் ஒருவரை ஒருவர் குலம் கோத்திரம் எல்லாம் இழுத்து ஏசிக்கொள்ளும் ஏசற் பாட்டுக்கள், கந்தசுவாமி கோயில்கள் நிறைந்த யாழ்ப்பாணத்துக்குச் சொல்லித்தர வேண்டியவை அல்ல. குறத்தி என்று ஒருத்தி, யானையிடம் வளர்ந்தவள் என்று மற்றவள். நடுவில் முருகன் ஒன்றும் சொல்லாமல் நிற்பான். பள்ளுப் பிரபந்தங்களில் இதுவே வயலுக்கு இறங்குகிறது. நல்லூர்ச் சின்னத்தம்பிப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் சுழிபுரத்துப் பறாளாய்ப் பிள்ளையார் மேற் பாடிய ‘பறாளை விநாயகர் பள்ளு’, மாவிட்டபுரம் சின்னக்குட்டிப் புலவரின் ‘தண்டிகைக் கனகராயன் பள்ளு’, இவற்றுக்கு மூத்ததான ‘கதிரைமலைப் பள்ளு’ ஆகிய மூன்றும் எங்கள் பக்கத்துப் பள்ளுகள். மூத்தபள்ளியும் இளையபள்ளியும் மல்லுக்கட்டுவதும், பள்ளனைப் பண்ணைக்காரன் உறுக்கித் தொழுவில் மாட்டுவதும் அந்த வகையின் நாடிகள். படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனால் ஏசுகிறவர்கள் பள்ளிகள், பாட்டுக் கட்டியவரும் கேட்டு இரசித்தவர்களும் வேறு ஆட்கள். அடக்கப்பட்ட சனத்தின் வாயில் ஏச்சை வைத்து மேலே இருந்தவர்கள் மகிழ்ந்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

இங்கேதான் ஆங்கிலச் சொல் ஒன்று துணைக்கு வருகிறது. ஏசுவதற்கு ஆங்கிலத்தில் உள்ள மிகப் பொதுவான சொல் ‘ஸ்கோல்ட்’. அது பழைய நோர்ஸ் மொழியின் ‘ஸ்கால்ட்’ என்ற சொல்லில் இருந்து வந்தது என்பது அகராதிக்காரர்கள் பலரும் ஏற்கும் கருத்து. ‘ஸ்கால்ட்’ என்றால் என்ன தெரியுமா? புலவர். வடதேசத்து அரசவைப் புலவர்கள் புகழ்ந்து பாடியது போலவே வசையும் பாடினார்கள். அந்த வசைக்கு மன்னர்களே நடுங்கினார்கள். 1200ஆம் ஆண்டை ஒட்டி ஆங்கிலத்துக்கு வந்தபோது புலவர் போய்விட்டார், வாய்த்துடுக்கு மட்டும் எஞ்சியது. எங்களுக்கு இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வசைக்கவி என்றவுடன் காளமேகம் என்று சொல்லும் மரபு எங்களுடையது. அறம் பாடினால் ஊர் எரியும் என்று நம்பியவர்கள் நாங்கள். ஸ்கொட்லாந்துப் புலவர்கள் அரசன் முன்னிலையில் மாறிமாறி ஏசிக்கொள்ளும் ‘ஃபிளைட்டிங்’ என்ற போட்டியையும் நடத்தினார்கள். 1500ஐ ஒட்டி டன்பாரும் கென்னடியும் ஏசிக்கொண்டது இன்றைக்கும் பாடநூல். வள்ளி தெய்வானை ஏசலின் தூரத்துச் சகோதரம் அது.

ஆனால் புலவரைக் குறித்த அந்தச் சொல் ஆங்கிலத்தில் பிறகு ஒரு பெண்ணைக் குறிப்பதாகச் சுருங்கியது. அயலட்டையோடு ஓயாமற் சண்டை பிடிக்கும் பெண் ‘பொது ஏச்சுக்காரி’ என்ற குற்றத்துக்கு ஆளானாள். கதிரையிற் கட்டிக் குளத்தில் முக்கினார்கள். இங்கிலாந்தின் லெம்ஸ்டர் ஊரில் 1809இல் ஜென்னி பைப்ஸ் என்ற பெண்ணை அப்படி முக்கியதாகப் பதிவு இருக்கிறது. அமெரிக்காவில் 1829இல் ஆன் ராயல் என்ற எழுத்தாளருக்கு இதே குற்றத்துக்காக 10 டாலர் தண்டம் விதித்தார்கள். இங்கிலாந்துச் சட்டத்தில் இந்தக் குற்றம் ஒழிந்தது 1967இல்தான். இலங்கைக்கு 1883இல் வந்த தண்டனைச் சட்டக்கோவை இந்த விஷயத்திற் பரவாயில்லை. அமைதி குலையும்படி வேண்டுமென்றே அவமதிப்பவரைப் பற்றி அதன் 484ஆம் பிரிவு சொல்வது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது.

சட்டத்தை அறிந்தோ அறியாமலோ, எங்கள் வேலியோரத்துப் பெண்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தார்கள். கிடுகு வேலிக்கு அங்காலே நிற்கிறவளை நேரே பார்த்து ஏச வேண்டியதில்லை. தன் வளவுக்குள் நிற்கும் கோழியைப் பார்த்து, ‘எல்லையைத் தாண்டிக் கொத்தித் திரியிறாய், உனக்கு வெக்கமில்லையோ’ என்று கேட்டால் போதும். சாடைப் பேச்சு என்று இதற்குப் பெயர். கேட்க வேண்டியவளுக்குக் கேட்கும். சாட்சி சொல்லக் கோழியால் முடியாது. கதியால் ஒரு சாண் தள்ளி நட்டதற்காக வருஷக்கணக்காய் ஏச்சு வாங்கிய கோழிகள் உண்டு.

மேலதிகாரம் உள்ளவர் சத்தம் போட்டு அடக்குவதற்கு வேறு சொல் வைத்திருக்கிறோம்: உறுக்கு. தமிழ்நாட்டுப் பேச்சில் இது அநேகமாக மறைந்து, ‘அதட்டு’, ‘மிரட்டு’ என்பவை அதன் இடத்தைப் பிடித்துவிட்டன. இங்கே ‘வாத்தியார் ஓர் உறுக்கு உறுக்கினார்’ என்றால் வகுப்பு அடங்கிவிட்டது என்று அர்த்தம். உறுக்கில் சொல்லின் அளவு குறைவு, சத்தத்தின் அளவு கூட. ஏச்சு நீளும், உறுக்கு ஒரு மூச்சில் முடியும். ‘வெருட்டு’ அதற்கும் அடுத்தது, அடிக்கு முந்திய படி. 2005இல் கல்வி அமைச்சு 17ஆம் இலக்கச் சுற்றுநிருபத்தால் பள்ளிக்கூடங்களில் உடல்தண்டனையைத் தடுத்தபோது தடி ஒளிந்தது, உறுக்கு ஒளியவில்லை.

எழுத்துத்தமிழ் இதே காரியத்துக்கு வைத்திருக்கும் சொற்களைப் பிரித்துப் பார்த்தால் எல்லாமே ஆயுதங்கள். கண்டித்தல், துண்டித்தல். கடிதல், வெட்டி விலக்குதல். இடித்துரைத்தல், உலக்கையால் இடிப்பது போலச் சொல்லுதல். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசன் பகைவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எச்சரித்தது இந்தச் சொல்லை வைத்துத்தான். ஆங்கிலத்தின் ‘ரிபியூக்’ பழைய பிரெஞ்சில் விறகு கொத்துவதில் இருந்து வந்தது, ‘ரெப்ரிமாண்ட்’ இலத்தீனில் அமுக்கிப் பிடிப்பதில் இருந்து வந்தது. இந்த இடத்தில் உலகம் முழுதும் ஒரே பட்டறைதான்.

வீட்டுக்குள் வந்தால் ஆங்கிலம் வேறு பாதையிற் போகிறது. ‘விக்கிங்’ என்றால் பெரிய பொய்முடி வைத்த பிரபு கொடுக்கும் ஏச்சு. ‘கம்பளத்துக்கு அழைத்தல்’ என்பது எசமானின் கம்பளம் விரித்த அறைக்கு வேலைக்காரரைக் கூப்பிட்டு நிறுத்தியதை ஒட்டி வந்தது என்பார்கள். லண்டனில் வேலை பார்க்கும் எங்கள் பெடியள் மனேஜரிடம் வாங்குவது இவை ஒன்றுமல்ல, ‘பொலக்கிங்’. அது ஆணின் விதையைக் குறிக்கும் பழைய ஆங்கிலச் சொல்லில் இருந்து பிறந்தது. சபையிற் சொல்லக் கூசுகிறவர்கள் அதற்குப் பதிலாக ‘ரொலிக்கிங்’ என்பார்கள். அதன் நேர்ப்பொருள் கும்மாளம். கும்மாளத்தைச் சொல்லி ஏச்சை மறைக்கிறார்கள். 1977இல் ‘செக்ஸ் பிஸ்டல்ஸ்’ குழுவின் இசைத்தட்டு உறையில் அந்த மூலச்சொல் இருந்ததற்காக நொட்டிங்காமில் வழக்கு நடந்தது. அந்த நகரப் பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் ஜேம்ஸ் கிங்ஸ்லி சாட்சிக் கூட்டில் ஏறி, அது ஒரு காலத்தில் பாதிரிமாருக்குப் பட்டப்பெயராகவும் இருந்தது என்று விளக்கினார். வழக்குத் தள்ளுபடி. சொற்பிறப்பியல் ஒருவரைச் சிறையில் இருந்து காப்பாற்றக்கூடும் என்பதற்கு எனக்குத் தெரிந்த உதாரணம் அதுதான்.

எங்களுக்கு அந்தப் பக்கம் போக வேண்டிய தேவை இருக்கவில்லை. பக்கத்தில் கோயில் இருந்தது. ‘வீட்டை போ, நல்ல பூசை இருக்கு’ என்றால் எண்ணெயும் திரியும் கொண்டு போகத் தேவையில்லை, முதுகைத் தயார்ப்படுத்தினால் போதும். தமிழ்நாட்டார் ‘அர்ச்சனை’ என்பார்கள், ‘மண்டகப்படி’ என்பார்கள், ஆயிரம் நாமம் சொன்னதாகவும் சொல்வார்கள். கோபம் தலைக்கேறி ஆடுகிறவரை ‘உரு வந்து ஆடுறார்’ என்கிறோம். கடவுளுக்குச் செய்யும் பணிவிடைகளின் பெயரை எல்லாம் பிள்ளைக்கு விழும் அடிக்கும் வசைக்கும் வைத்ததில் பகிடி பாதி. மறுபாதி இரண்டுக்கும் உள்ள ஒழுங்கு: குறித்த நேரம், ஏற்றி இறக்கும் குரல், திரும்பத் திரும்பச் சொல்லும் நாமாவளி. ஏசுகிற அம்மாவைக் கூர்ந்து கேட்டவர்கள் மறுக்கமாட்டார்கள். அடுக்களையில் இருந்து வந்த உவமை ஒன்றை மட்டும் ஆங்கிலமும் தமிழும் பங்கிட்டிருக்கின்றன. அவர்கள் ‘ரோஸ்ட்’ பண்ணுவார்கள், நாங்கள் வறுத்தெடுப்போம்.

பக்தியில் இருந்து வசவுக்கு இறங்கிய சொற்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தவை இரண்டு. ஒன்று ‘கண்டறியாத’. ‘கண்டறியாத வேலை பார்க்கிறாய்’, ‘இவற்றை கண்டறியாத கதை’ என்று ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கேட்கும் சொல். இதன் நேர்ப்பொருள் இதுவரை கண்டதும் அறிந்ததும் இல்லாதது என்பதே. திருவையாற்றில் கயிலைக் காட்சி கிடைத்த அப்பர், கண்டறியாததைக் கண்டுவிட்ட பரவசத்தை ஒரு பதிகமாகப் பாடினார். அதே சொல் யாழ்ப்பாணத்து அடுக்களையில், புதிதாக வாங்கிய சட்டையையும் மருமகள் வைத்த புதுக்கறியையும் பழிக்கும். காணாததைக் கண்டால் அப்பருக்கு மயிர்க்கூச்செறியும், எங்களுக்கு எரிச்சல் வரும். ஒரு சமூகம் புதுமையை எப்படிப் பார்த்தது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் கிடைப்பது அரிது.

மற்றது ‘எளிய’. பத்திமைப் பாடல்களில் எளியவன் என்றால் அடியார் கூப்பிட்ட குரலுக்கு வருகிற கடவுள், அல்லது தாழ்ந்து நிற்கும் அடியவன். எங்கள் பேச்சில் ‘எளிய வேலை’ என்றால் இழிவான செயல். ‘எளியன்’ என்று ஒருவரைச் சொல்லிவிட்டால் அது சண்டையின் உச்சம், கைகலப்புக்கு அழைப்பு. பின்னால் ‘சாதி’ என்ற சொல்லும் ஒட்டிக்கொள்ளும்போது நடந்தது புலப்பட்டுவிடும். எளிமை ஒரு குணமாக இருந்தது, அதைச் சில மனிதரின் பிறப்போடு கட்டிவிட்டார்கள், பிறகு அந்தப் பிறப்பே வசையாயிற்று. ‘மொக்கு’, ‘விசரன்’, ‘பேயன்’, ‘ஊத்தைவாளி’ என்று எங்களிடம் சாதி கலவாத வசவுகள் தாராளம். பாதி செல்லமும் ஆகும். பேரனைப் பார்த்து ‘கள்ளன், எப்பிடிச் சிரிக்கிறான் பார்’ என்னும் ஆச்சியின் ‘கள்ளன்’ போல. ‘எளிய’ ஒருநாளும் செல்லம் ஆனதில்லை.

1960களில் ஈழத்தில் நடந்த மரபுப் போராட்டம் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. கதைகளிலும் நாவல்களிலும் பேச்சுத்தமிழ் வந்தபோது, பண்டிதர் அணியில் இருந்தவர்கள் அதை ‘இழிசனர் வழக்கு’ என்று தள்ளினார்கள். விமர்சகர்களான கைலாசபதியும் சிவத்தம்பியும் மறுபக்கத்தில் நின்றார்கள். எஸ்.பொ.வின் ‘தீ’ (1961), ‘சடங்கு’ (1966), கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) ஆகியவற்றில் மனிதர் ஏசுகிறபடியே ஏசினார்கள். இலக்கணம் மீறியதுதான் குற்றம் என்று எழுதிய பண்டிதர்களுக்கு உண்மையில் உறுத்தியது வேறு என்று நினைக்கிறேன். அதுவரைக்கும் ஏச்சு வாங்குகிறவர்களாக மட்டும் இலக்கியத்தில் நின்றவர்கள், பள்ளுப் புலவரின் துணை இல்லாமல், திருப்பி ஏசத் தொடங்கியிருந்தார்கள்.

பண்டிதர்களின் பெரிய ஆசான் ஆறுமுக நாவலர் ஏசுவதில் சளைத்தவர் அல்லர். கண்டனம் என்ற உரைநடை வகையை யாழ்ப்பாணத்தில் கூர்மையாக்கியவர் அவர். பாதிரிமாரின் பிரசங்கங்களுக்கு மறுப்பாக அவர் 1854இல் வெளியிட்ட நூலின் பெயர் ‘சைவதூஷண பரிகாரம்’. அந்தப் பெயரில் உள்ள ‘தூஷணம்’ என்ற சொல்லுக்கு நேர்ந்த கதியை நாவலர் அறிந்தால் என்ன சொல்வாரோ. அவருக்கு அது நிந்தனை, சமயத்தைப் பழித்தல். இன்றைக்கு யாழ்ப்பாணத்தில் ‘தூசணம்’ என்றால் வாயாற் சொல்லக்கூடாத கெட்ட வார்த்தை, வேறு ஒன்றுமில்லை. ‘குடிச்சுப்போட்டுத் தூசணத்தாலை பேசினான்’ என்று பொலிசில் முறைப்பாடு எழுதுவார்கள். அந்த ‘ஆலை’ உருபைக் கவனியுங்கள். கல்லாலை எறிந்தான், பொல்லாலை அடிச்சான், தூசணத்தாலை பேசினான். தெய்வநிந்தனை அந்தரங்க உறுப்புகளின் பெயர்ப் பட்டியலாக மாற ஒன்றரை நூற்றாண்டு எடுத்திருக்கிறது. இலங்கை ஆங்கிலத்தில் இதையே ‘அழுக்கில் ஏசினான்’ என்கிற மாதிரிச் சொல்வார்கள். சிங்களத்திலும் கெட்ட வார்த்தைக்கு அழுக்குத்தான் அடி. லண்டன்காரருக்கு அந்த ஆங்கிலம் விளங்காது. கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் எல்லாருக்கும் விளங்கும்.

கோயிலை விட்டு ஆஸ்பத்திரிப் பக்கம் வந்தால் ‘கோதாரி’. தமிழ்நாட்டார் ஒருவரை யாழ்ப்பாணத்தானாக நடிக்கச் சொன்னால் அவர் முதலிற் பிடித்துக்கொள்ளும் சொல் இதுவாகத்தான் இருக்கும். ‘கோதாரி விழுவான்’, ‘கோதாரியிலை போவான்’. கோதாரி என்பது வாந்திபேதி, கொள்ளைநோய். 19ஆம் நூற்றாண்டு யாழ்ப்பாணம் அதை மீண்டும் மீண்டும் அனுபவித்தது. 1847இல் வந்து மானிப்பாயில் மருத்துவம் பார்த்தும் படிப்பித்தும் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் அதோடு மல்லுக்கட்டியவர். 1876, 1877இல் பஞ்சமும் வாந்திபேதியும் சேர்ந்து வந்தபோது நாவலர் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்தினார், அரசாங்க அதிபர் துவைனத்தையும் பகிரங்கமாகக் கண்டித்தார். காலையிற் கதைத்துக்கொண்டிருந்தவர் மாலையில் இல்லை என்ற நாட்கள். அந்தப் பயம்தான் சாபமாக உறைந்தது. தென்தமிழ்நாட்டின் ‘பேதியில போவான்’, ஆங்கிலேயர் அம்மை நோயையும் பிளேக்கையும் வைத்துச் சபித்தது எல்லாம் அதே வகை.

நோய் போனது, சொல் இளகியது. இப்போது ‘என்ன கோதாரியோ தெரியேல்லை, ஃபோன் வேலை செய்யுதில்லை’ என்பதில் ஒருவரும் சாகவில்லை. ‘நாசமறுப்பு’ என்ற சொல் இதற்கும் ஒரு படி மேல். நாசமாய்ப் போ என்று சொல்ல வாயெடுத்து, பெற்ற மனம் கேளாமல், நாசம் அறுந்து போகட்டும் என்று திருப்பிவிட்ட மாதிரி இருக்கிறது அதன் கட்டமைப்பு. எழுத்தெண்ணிப் பார்த்தால் அது ஆசீர்வாதம். முகத்தைப் பார்த்தால் சாபம். இரண்டையும் ஒரே மூச்சிற் சொல்ல எங்கள் ஆச்சிமாருக்கு முடிந்தது.

சொற்களை மட்டும் அகராதியில் அடுக்கிக்கொண்டு போனால் யாழ்ப்பாணத்து ஏச்சின் பாதிதான் கிடைக்கும். 1842இல் மானிப்பாயில் வந்த யாழ்ப்பாண அகராதி தொடங்கி 1862இல் வின்சுலோ முடித்த பேரகராதி வரைக்கும், அகராதிகளுக்குப் பேர்போன மண் இது. ஆனால் மறுபாதி முன்னிலைப் பெயர்களில் இருக்கிறது, அதை அகராதி காட்டாது. எங்களிடம் ‘நீ’, ‘நீர்’, ‘நீங்கள்’ என்று மூன்று படி. ‘நீர்’ நடுப்படி: வாத்தியார் மாணவனுக்கு, கணவன் மனைவிக்கு, அரைகுறையாய்ப் பழகிய இருவர் ஒருவருக்கொருவர். ‘நீர்’ போட்டு வந்தவர் திடீரென்று ‘நீ’ போட்டால் ஏச்சு தொடங்கிவிட்டது, வசைச்சொல் ஒன்றும் தேவையில்லை. மேலே ஏற்றினால் இன்னும் மோசம். காலை பத்து மணிக்கு எழும்பி வரும் மகனைப் பார்த்து அம்மா சிரிக்காமற் கேட்பா: ‘ஐயா இப்பத்தான் எழும்பி வாறாரோ? தேத்தண்ணி கொண்டுவரட்டோ?’ மரியாதை கூடக்கூட மகன் குறுகிக்கொண்டே போவான். பொய்முடியும் கம்பளமும் வைத்திருந்த ஆங்கிலேயரிடம் ‘யூ’ என்ற ஒரே முன்னிலைதான் மிஞ்சியிருக்கிறது. அவர்களுக்கு இந்த வசதி கிடையாது.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிறந்த பிள்ளைகள் இந்தப் படிகளை ஏறி இறங்கத் தெரியாமல் எல்லாருக்கும் ‘நீங்கள்’ போடுகிறார்கள், அல்லது எல்லாருக்கும் ‘நீ’. ஆனால் ‘அம்மா பேசுவா’ என்பது மட்டும் அவர்கள் வாயிலும் நிற்கிறது. தமிழில் வேறெதையும் ஒழுங்காய்ச் சொல்லத் தெரியாதவனும் அதைச் சரியான பயத்தோடு சொல்கிறான்.

யாழ்ப்பாணத்தில் இரண்டு குடும்பங்கள் ஒரேயடியாய் முறிந்துபோனால், காணி வழக்காக இருக்கலாம், சீதன வாய்த்தர்க்கமாக இருக்கலாம், அதைச் சொல்ல ஒரு தொடர் இருக்கிறது. ‘அவையோடை எங்களுக்குக் கதை பேச்சில்லை.’ கதையும் இல்லை, பேச்சும் இல்லை. செத்தவீட்டுக்குப் போய்ப் படலையடியில் நின்றுவிட்டுத் திரும்புவார்கள். உள்ளே இருக்கிறவர் எழும்பி வந்து, ‘இப்பத்தான் வழி தெரிஞ்சதோ உனக்கு?’ என்று நாலு பேச்சுப் பேசினால், அன்று இரவு அந்த வீட்டிற் சாப்பிடலாம்.